"அம்மா, இது பாட்டா?"

கேள்வி: நாங்கள் பாலக்கோட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்டு. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. மகள் வாரம் இரண்டு நாள் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் இருந்தால் டம்ளர், கரண்டி, குடம் என்று எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருக்கிறாள். போன வாரம் என் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒருவர் பியானோ முன்னால் உட்கார்ந்து நாலரை நிமிடம் எதையுமே வாசிக்காமல் எழுந்து போகிறார். கூட்டம் கைதட்டுகிறது. "அம்மா, இது பாட்டா?" என்றாள் மகள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மாதிரி சோதனை இசையெல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா? சுருதி ஞானம் கெட்டுப்போகும் என்கிறார் பாட்டு டீச்சர். சின்னவன் வேறு, திருவிழாவில் பம்பை அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். அவனுக்கு இசையே பிடிக்காதோ? எங்களிடம் இருப்பது ஒரு போன்தான். கீபோர்டு வாங்குகிற வசதி இப்போது இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

எட்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த வீடியோவைப் பார்க்கிற பெரியவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் ஏதோ பெரிய விஷயம் போல என்று தலையாட்டிவிட்டு அடுத்ததைத் தள்ளிப் பார்ப்பார்கள். உங்கள் மகள் நின்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். "ஆமாம்" என்றும் சொல்ல வேண்டாம், "இல்லை" என்றும் சொல்ல வேண்டாம். "அந்த நாலரை நிமிஷமும் உனக்கு என்னென்ன கேட்டுச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு எடுப்பவள் நான். என் கையில் இருக்கும் ஒரே கருவி இந்தக் கேள்விதான். கீழே நான் எழுதப்போவது எல்லாமே இதைக் கேட்பதற்கான வழிகள்.

வீடியோவில் நீங்கள் பார்த்தது ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருடையது. பெயரே '4 நிமிடம் 33 விநாடி'. 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு மர அரங்கத்தில் டேவிட் டியூடர் என்ற பியானோக் கலைஞர் அதை முதல் தடவை மேடையேற்றினார். மூன்று பகுதிகள். ஒவ்வொன்றும் தொடங்கும்போது பியானோ மூடியைச் சாத்துவார், முடிந்ததும் திறப்பார். முதல் பகுதியில் வெளியே காற்றடித்தது, இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளி விழுந்தது, மூன்றாவதில் பொறுமை இழந்த சனங்களே பேசிக்கொண்டும் எழுந்து போய்க்கொண்டும் சத்தம் கொடுத்தார்கள் என்று கேஜ் பிற்பாடு சொன்னார். அவர் கேட்கச் சொன்னது அதைத்தான். அரங்கத்தில் இருந்த பலருக்கு அது காதில் விழவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கேஜுக்கு இந்த வழி திறந்ததில் நம் நாட்டுப் பெண் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க் போயிருந்தபோது அவரிடம் மேற்கத்திய இசை படித்தார், பதிலுக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனதை அடக்கி அமைதியாக்கித் தெய்வ அருளை வாங்கத் தயார் செய்வதற்காக என்று தன் குருவிடமிருந்து கேட்டதைச் சொன்னார். அந்தப் பதிலைக் கேஜ் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் இதை நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

சரி, இவ்வளவையும் மகளிடம் சொல்லலாமா? இப்போது வேண்டாம். நான் சொல்லிப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு வகுப்பில் அரை மணி நேரம் கேஜ் வரலாறெல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில் நாலரை நிமிடம் சும்மா இருக்கச் சொன்னேன். விளக்கத்திலேயே பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். நெளிந்தார்கள், ஒருவரை ஒருவர் கிள்ளினார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். முடிந்ததும், "மிஸ், அந்த ஃபேன் மூணு சுத்துக்கு ஒரு தடவை டக்குங்குது. நடுவுல நடுவுல நாலாவது சுத்துலயும் வருது" என்றான். நான் இரண்டு வருடமாக அந்த ஃபேனுக்குக் கீழேதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து முதலில் கேட்பது, அப்புறம் பேசுவது என்று மாற்றிக்கொண்டேன்.

வீட்டில் இப்படித் தொடங்குங்கள். விளக்கு வைக்கிற நேரம், டிவியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் வாசல்படியில் உட்காருங்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பென்சில். சின்னவனுக்கு எழுத வராது, அவன் படம் போடட்டும். இரண்டே நிமிடம். காதில் விழுவதை எல்லாம் குறிக்க வேண்டும். முதல் நாள் எல்லாரும் பெயர்ச்சொல்லாகத்தான் எழுதுவார்கள்: பஸ், நாய், குக்கர். பரவாயில்லை. மூன்றாவது நாள், "எந்த சத்தம் முதல்ல நின்னுச்சு? எது தூரத்துல? எது நாம கேட்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இருந்துச்சு?" என்று கேளுங்கள். அப்போதுதான் பிள்ளைகளுக்கு ஃப்ரிட்ஜ் உறுமுவது தெரியவரும். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசல் கூட்டுகிற விளக்குமாற்றுக்கு ஒரு தாளம் இருப்பது தெரியவரும். நீங்களும் எழுதுங்கள், உங்கள் சீட்டையும் படித்துக் காட்டுங்கள். அம்மாவுக்குக் கேட்காதது தனக்குக் கேட்டது என்று தெரிந்தால் பிள்ளைக்கு வருகிற நிமிர்வே தனி.

கனடா நாட்டு இசையமைப்பாளர் மர்ரே ஷாஃபர் இந்த மாதிரிப் பயிற்சிகளை நிறைய உருவாக்கினார். ஊரின் ஒலிகளையே ஒரு நிலக்காட்சி மாதிரி ஆராயலாம் என்று காட்டியவர். அவருடைய பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு தாளைச் சத்தமே வராமல் கை மாற்றிக் கை மாற்றி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். செய்து பாருங்கள். அஞ்சு வயதுப் பிள்ளைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளின் இரண்டு முனையையும் தாங்கி வாங்கும். "சத்தம் போடாதே" என்று ஆயிரம் தடவை சொல்லி வராத அமைதி அங்கே வந்துவிடும்.

ஒலிகளை உட்கார்ந்து கணக்கெடுப்பது நமக்கும் புதிதில்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இருக்கிறது. அதன் பெயருக்கே அர்த்தம் இதுதான்: மலையை யானையாக வைத்து, அதில் எழும் ஓசைகளை யானையின் மதநீராகச் சொல்வது. அருவியின் ஓசை, தினை குற்றும் பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டு, கரும்பு நெரிபடும் ஆலையின் ஓசை என்று வரி வரியாகப் போகும். அந்தப் பாட்டின் தலைவன் நன்னன் என்ற மன்னன். அவன் நாடு உங்களுக்குத் தூரமும் இல்லை. ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகிற வழியில் வரும் செங்கம்தான். கரும்பாலைச் சத்தம் பாலக்கோட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மகள் கொஞ்சம் பெரியவளானதும் அந்தப் பகுதியை அவளோடு உட்கார்ந்து படியுங்கள், அவளுடைய சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இப்போது சுருதி. டீச்சருடைய கவலையை நான் மதிக்கிறேன். சுருதி நிற்கிற வயதில் காது குழம்பக் கூடாது என்பது நியாயமான பயம்தான். ஆனால் காது குழம்புவது வித்தியாசமான சத்தங்களைக் கேட்பதால் என்று நான் நினைக்கவில்லை. எதையும் கவனிக்காமல் நாள் முழுக்கப் பின்னணியில் ஓடவிடுவதால்தான் குழம்புகிறது. தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காந்தாரத்துக்கு, அதாவது 'க' ஸ்வரத்துக்குத் தந்தி கிடையாது. சட்ஜமும் பஞ்சமமும், அதாவது 'ச'வும் 'ப'வும்தான். ஆனால் சுருதி சுத்தமாகச் சேர்த்து, குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் நூலைச் சரியான இடத்தில் வைத்து மீட்டினால், மந்தர சட்ஜம் என்கிற கீழ் 'ச'வுக்குள்ளிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். யாரும் வாசிக்காத ஸ்வரம். ஃபேனின் 'டக்'கைப் பிடித்த காது அதையும் பிடிக்கும். டீச்சர் வீட்டில் தம்புரா இருந்தால், பாட்டு தொடங்குமுன் ஐந்து நிமிடம் அதை மட்டும் கேட்க விடச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். பாட்டு வகுப்பை எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்த வேண்டாம். இது அதற்குப் போட்டி கிடையாது.

அப்புறம் அந்த டம்ளரும் குடமும். தயவுசெய்து பிடுங்கி வைக்காதீர்கள். தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமானிடம் ஒளவையார் சொன்னது நம் மண்ணின் புறநானூற்றுப் பாட்டு: பிள்ளைகளின் மழலை யாழோடும் சேராது, காலத்தோடும் பொருந்தாது, அர்த்தமும் புரியாது, ஆனாலும் தந்தைக்கு அருள் சுரக்கும் என்கிறது. பாத்திரம் தட்டுவதும் ஒரு மழலைதான். அந்த மழலையில் ஒரு கேள்வியைப் போடலாம். குழாயடியில் குடம் நிரம்பும்போது மகளைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சத்தத்தின் சுருதியும் ஏறிக்கொண்டே போகும். எப்போது நிரம்பும் என்று கண்ணை மூடிக்கொண்டே அவள் சொல்லிவிடலாம். நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. இனி அதே வீட்டில் ஒரு பீங்கான் கிண்ணத்தை எடுத்துப் பென்சிலால் தட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் ஏற ஏறச் சுருதி இறங்கும்! ஒரே தண்ணீர், ஏன் இரண்டு மாதிரி? உடனே சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் மண்டையைக் குடையட்டும். குடத்தில் ஒலிப்பது மிச்சமிருக்கும் காற்று, அது குறையக் குறையச் சுருதி ஏறும். கிண்ணத்தில் அதிர்வது கிண்ணமே, தண்ணீர் பாரமாகி அதை மெதுவாக்கும். தண்ணீர்க் கிண்ணங்களைக் குச்சியால் தட்டி வாசிக்கிற ஜலதரங்கத்தின் சூட்சுமம் இதுதான்.

காலிக் குடத்தின் வாயில் முகத்தை வைத்துக் கீழிருந்து மேலாக 'ஓ...' என்று இழுக்கச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் குடம் திடீரென்று கூடச் சேர்ந்து பாடும், கன்னத்தில் அதிர்வு தெரியும். அது அந்தக் குடத்தின் சொந்த சுருதி. அமெரிக்காவில் பாலின் ஆலிவெரோஸ் என்ற அம்மையார் 1988-ல் வாஷிங்டன் மாநிலத்தில் பூமிக்கடியில் கிடந்த பெரிய காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி அக்கார்டியன் வாசித்துப் பதிவு செய்தார். ஒரு சத்தம் அடங்க அங்கே 45 விநாடி பிடித்ததாம். ஆழ்ந்து கேட்டல் என்று அவர் வளர்த்த வழி அங்கேதான் பெயர் பெற்றது. உங்கள் வீட்டுக் குடத்தில் அவ்வளவு நேரம் நிற்காது, விஷயம் ஒன்றேதான். (கிணற்றுக்குள் குனிந்து கத்திப் பார்க்கிற ஆசை மட்டும் வரக் கூடாது. முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.)

சோதனை இசை என்று எதையாவது போட்டே ஆக வேண்டும் என்றால், கையால் செய்யக்கூடியதில் தொடங்குங்கள். ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1972-ல் கைதட்டலை மட்டும் வைத்து இரண்டு பேருக்கு ஒன்று எழுதினார். பன்னிரண்டு எண்ணிக்கை. நம் சொற்கட்டில் சொன்னால்: தகிட, விட்டு, தக, விட்டு, த, விட்டு, தக, விட்டு. விட்டு என்கிற இடத்தில் கை சும்மா இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து தட்டத் தொடங்க வேண்டும். ஒருவர் கடைசி வரை மாறவே கூடாது. இன்னொருவர் கொஞ்ச நேரம் கழித்து ஒரு எண்ணிக்கை தள்ளி, அதாவது 'கி'யிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் இன்னும் ஒன்று தள்ளி. பன்னிரண்டு தடவை தள்ளினால் மறுபடி இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். முதலில் நீங்கள் மாறாமல் தட்டுங்கள், மகள் ஒரே ஒரு தடவை தள்ளிப் பார்க்கட்டும். அதுவே ஒரு வாரத்துக்குப் போதும். யாரும் தட்டாத புதுத் தாளம் நடுவில் கேட்கும். இரண்டு கையும் சேர்ந்ததில் பிறப்பது அது. இதைச் செய்தபிறகு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். உட்கார்ந்து கேட்பாள், ஏனென்றால் எங்கே கஷ்டம் என்று அவள் கைக்குத் தெரியும்.

போன் ஒன்றுதான் இருக்கிறது என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். 1948-ல் பியர் ஷெஃபர் பாரிஸ் வானொலியில் வேலை செய்தபோது பட்டினோல் ரயில் நிலையத்தில் ரயில் சத்தத்தைப் பதிவு செய்து, இசைத்தட்டுகளில் வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டு ஒரு படைப்பு செய்தார். பதிவான சத்தங்களை வைத்தே இசை செய்யலாம் என்று உலகம் கண்டுகொண்ட இடம் அது. அவரிடம் இருந்த கருவிகளைவிட உங்கள் போன் எவ்வளவோ மேல். சேலம் பெங்களூரு ரயில் பாலக்கோடு வழியாகத்தானே போகிறது? பிளாட்பாரத்தில் பத்திரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ரயில் வந்து போவதை முழுதாகப் பதிவு செய்யுங்கள். வருமுன் இருக்கும் அமைதியையும், போனபின் மிஞ்சும் பேச்சையும் சேர்த்து. வீட்டுக்கு வந்து இலவசச் செயலி ஒன்றில் வேகத்தைப் பாதியாக்குங்கள், பின்னாலிருந்து முன்னால் ஓடவிடுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தட்டிப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்தால் கோயில் மணி ஆகிவிடும். அந்த நேரம் மகள் முகத்தைப் பாருங்கள். அப்புறம் ஷெஃபருடைய ரயிலைப் போடுங்கள். மூன்று நிமிடம்கூட வராது. "நம்ம ரயில் மாதிரியே இல்ல" என்பாள். எதில் மாறுகிறது என்று பேசுங்கள்.

பாட்டு கேட்டு முடித்ததும் "புரிஞ்சுதா?" என்றும் "நல்லா இருந்துச்சா?" என்றும் கேட்காதீர்கள். பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிடும். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். எனக்கே பிடிக்காத சோதனை இசை ஏராளம். பிடிக்காததையும் கடைசி வரை கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிவது பெரிய பண்பு, ஆனால் அது எட்டு வயதில் வர வேண்டிய அவசியமில்லை. இன்னொன்று: இதையெல்லாம் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேமராவைப் பார்த்ததும் காது மூடிக்கொள்கிறது, நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு இசை பிடிக்காது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள், அவன் காதுபடச் சொல்லவும் வேண்டாம். பம்பைக்குப் பக்கத்தில் நிற்பது பெரியவர்களுக்கே நெஞ்சை அடைக்கும். ஐந்து வயதுக் காதுக்கு அது உண்மையாகவே வலிக்கலாம். தைரியம் வரட்டும் என்று இழுத்துப்போய் முன்னால் நிறுத்துவார்கள் சிலர். அது கொடுமை. அடுத்த திருவிழாவில் இரண்டு தெரு தள்ளி அவனைத் தோளில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அங்கே பம்பை வேறு மாதிரிக் கேட்கும், பாட்டுப் போலவே. "இன்னும் கொஞ்சம் கிட்ட போலாமா, இங்கேயே நிக்கலாமா?" என்று அவனையே கேளுங்கள். எங்கே நிற்பது என்பது அவன் கையில் இருந்தால் பயம் பாதி போய்விடும். தெருக்கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார வைக்க வேண்டாம். களரி கட்டும்போது மட்டும் கூட்டிப்போங்கள். வேஷக்காரர் மேடைக்கு வருமுன் மிருதங்கமும் தாளமும் முகவீணை என்கிற சின்ன ஊதுகருவியும் சேர்ந்து சூடேறுகிற அந்த நேரத்தைப் பின்னால் நின்று கேட்கட்டும்.

மிக்சி, குக்கர் விசில் போன்ற தினசரிச் சத்தத்துக்கும் அவன் அழுதால், அல்லது கூப்பிட்டால் திரும்பாமல் "ஆங்?" என்று அடிக்கடி கேட்டால், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். காதில் பட்ஸ் விடுவதை இரண்டு பிள்ளைகளுக்குமே நிறுத்துங்கள். ஹெட்போன் தேவையில்லை. பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம், 75 டெசிபலுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. வீட்டில் நம்மால் அளக்க முடியாது. அதனால் போனை மேசைமேல் வைத்து, பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்கும் அளவில் எல்லாரும் சேர்ந்து கேட்பதே நல்லது.

விடுமுறையில் ஒகேனக்கல் போவீர்கள்தானே? பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது, அருவிச் சத்தம் எந்த இடத்தில் முதன்முதலாகக் காதில் விழுகிறது என்று இருவருக்கும் போட்டி வையுங்கள். மீன் வறுக்கிற சட்டியைத் தாண்ட வேண்டும், எண்ணெய் மசாஜ் செய்பவர்கள் முதுகில் தட்டுகிற தாளத்தைத் தாண்ட வேண்டும், பரிசல்காரர்கள் கூப்பிடும் குரலைத் தாண்ட வேண்டும். அத்தனைக்கும் அடியில் அருவி ஏற்கெனவே இருந்துகொண்டிருக்கும்.

வாசல்படிச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் தேதி எழுதி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். ஐப்பசி மழை வந்ததும் அதே படியில், அதே நேரத்தில் மறுபடி எழுதச் சொல்லுங்கள். தவளை சேர்ந்திருக்கும், வேறு எது சேர்ந்தது, எது காணாமல் போனது என்று பழைய சீட்டோடு வைத்துப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.